நாலுபட்ச் அண்ணையின் மண்ணெண்ணெய்த் திருவிழா

உலகத்து மனிதரையெல்லாம் எங்கள் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படித்தவர்கள், படிக்கக் கொடுத்துவைக்காதவர்கள் என்று இரண்டே கட்சியாகப் பிரித்து வைத்திருந்தவர் நாலுபட்ச் அண்ணை. முதற் கட்சிக்காரர் ஒருவர் சந்திரனில் குடியேறியிருந்தாலும், அவருடைய தாய் தகப்பன் இருக்கிற ஒழுங்கைத் தெரு, அந்த ஒழுங்கை முகப்பில் படுத்திருக்கும் நாயின் குணம், அந்த வீட்டில் எந்தெந்தக் கிழமை மச்ச மாமிசம் சமைப்பதில்லை என்பது வரை அவருக்குத் தெரியும். இரண்டாம் கட்சிக்காரரைக் கண்டால் இரக்கத்தோடு பார்ப்பார். "பரவாயில்லை, பிள்ளையளையெண்டாலும் அனுப்புங்கோ" என்று ஆறுதல் சொல்வார். ஒருமுறை தனக்குப் பல்லுப் பிடுங்கிய வைத்தியருக்கே, வாய் நிறையப் பஞ்சோடு, அந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு வந்தார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு நின்றுகொண்டது. முதலாம் பட்ச்சோடு, அதாவது முதல் வருடம் சேர்ந்த மாணவர் தொகுதியோடு, பீடத்துக்குள் நுழைந்து நாலாம் பட்ச்சோடு பட்டம் வாங்கி வெளியே வந்தவர் என்பதால் ஊர் வைத்த பெயர் நாலுபட்ச். இடையில் மூன்று வருடம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். முதல் முறை பரீட்சை நேரத்தில் நெருப்புக்காய்ச்சல். இரண்டாம் முறை, சோதினைக்கு முதல் நாள் வீட்டுக் கிணறு இடிந்தது. மூன்றாம் முறை, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பிடிக்கப் போனவர் திரும்பி வரச் சோதினை முடிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் வரிசை மாறும். காலக்கணக்கில் கொஞ்சம் கண்டிப்பானவனான நான், பலருக்குச் சொன்னவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்தக் கிணறு முதலாம், இரண்டாம், மூன்றாம் சோதினை மூன்றுக்கும் முதல் நாள் இடிந்திருந்தது.

நாலு பட்ச்சின் பிரியாவிடைப் படங்களிலும் அவர் இருக்கிறார். நாலிலும் வலது ஓரத்துக் கதிரை. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நெற்றி மெல்ல மெல்ல மேலேறிப் போவது தெரியும். பட்டம் கிடைத்ததும் அதே பீடத்தின் அலுவலகத்தில் உதவிப் பதிவாளராக வந்து குந்தினார். வந்த கையோடு பழைய மாணவர் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தன்னையே செயலாளராகத் தெரிவு செய்துகொண்டார். எதிர்த்துப் போட்டியிட அன்றைக்குக் கூட்டத்தில் வேறு ஆள் இல்லை.

எண்பத்தைந்து அளவில் சங்கத்தின் முதலாவது பொதுக்கூட்டம் நடந்தது. அப்போது நான் எட்டாம் பட்ச் மாணவன். சைக்கிள் நிறுத்த வந்தவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். வந்திருந்தவர்கள் செயலாளர், நான், பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்து மழைக்கு ஒதுங்கிய ஒரு மேசன். மேசன் நன்றியுரை சொன்னார். கூட்டத்துக்கு முன்பு வெளிநாட்டிலிருந்த அத்தனை பேருக்கும் நாலுபட்ச் அண்ணை பீடத்துக்கு உதவி கேட்டு எழுதியிருந்தார். ஒரே ஒரு பதில் வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே எழுதியவரின் தங்கையினுடைய சாதகக் குறிப்பு. நல்ல இடமாகப் பார்க்கட்டாம். மற்ற யாரென்றாலும் சங்கத்தைக் கலைத்திருப்பார்கள். இவர் மூன்றே மாதத்தில் இரண்டாம் பட்ச்சில் ஒரு மாப்பிள்ளையைப் பொருத்தி, அந்தக் கலியாணத்தைச் சங்கத்தின் முதலாவது சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுதினார்.

அந்த மனிதருடைய மூளை முழுதாக வேலை செய்தது, சண்டையால் ஊர் முழுக்கக் கரண்ட் போன பிறகுதான். சிலர் இந்தச் சங்கதி தொண்ணூறிலேயே தொடங்கியதாக எழுதுகிறார்கள். பிழை. தொண்ணூறில் நாங்கள் எல்லோரும் கரண்ட் அடுத்த கிழமை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். நம்பிக்கை தீர்ந்தது தொண்ணூற்றொன்றில். ஆகவே நான் சொல்லப்போகிற திருவிழாவும் தொண்ணூற்றொன்றில்தான்.

நான் அப்போது பௌதிகவியற் பகுதியில் தற்காலிக உதவி விரிவுரையாளர். செய்முறை வகுப்பு என் பொறுப்பு. கரண்ட் இல்லாமல் செய்யக்கூடிய செய்முறை ஊசலாட்டம் ஒன்றுதான். பிள்ளைகள் ஊசலை ஆட்டி ஆட்டி, பௌதிகத்தில் புவியீர்ப்பைத் தவிர வேறெதுவும் கிடையாது என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கத் தகரக் கொட்டிலில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய், தடையால் உள்ளே வராமல், குப்பிவிளக்கில் திரியைக்கூட நனைத்துவிட்டுப் பிழிந்து எடுக்கிற நிலையில் இருந்தது.

பீடாதிபதி என்னையும் நாலுபட்ச் அண்ணையையும் கூப்பிட்டார். தாவரவியல்காரர். இலை உதிர்கிற சத்தத்திலேயே கதைப்பார்.

"பழைய மாணவரிட்டைக் காசு சேத்துப் பாப்பமோ?" என்றார்.

"காசு வேண்டாம் சேர்," என்றார் நாலுபட்ச் அண்ணை. "காசெண்டால் தராயினம். தந்தாலும் கணக்குக் கேப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"சேர், உங்கடை ஊர்க் கோயில் மடப்பள்ளிக்கு ஓடு போட வேணுமெண்டு வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"பேந்து வாங்கோ எண்டுவன்."

"அங்கை ஏழாம் திருவிழா ஆற்றை?"

பீடாதிபதி கதிரையில் நிமிர்ந்தார். "எங்கடை. அப்பாவின்ரை காலத்திலை இருந்து."

"இந்த வருசம் அதை உங்கடை சித்தப்பா வீட்டுக்காரர் செய்யட்டுமெண்டு விடுவியளோ?"

"அதெப்பிடி விடுறது?" இலை உதிர்கிற சத்தம் போய் மரம் முறிகிற சத்தம் வந்தது.

"அவ்வளவுதான் சேர்," என்று எழுந்தார் நாலுபட்ச் அண்ணை. "நான் அலுவலைப் பாக்கிறன்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் அந்த நாளின் உபயகாரர். பொதுச் செலவுக்கு என்றால் உள்ளே ஆளில்லை என்று சொல்லச் சொல்கிறவர், தன் திருவிழாவுக்குத் தோட்டக் காணியை ஈடு வைப்பார். தன் நாளில் அடுத்த வீட்டுக்காரன் கைவைத்தால் கோயிலையே பூட்டிவிட்டு வழக்குப் பேசப் போவார். எல்லாம் முடிய ஐயர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து முதல் மரியாதையாகக் கொடுப்பதற்குக் காளாஞ்சி என்று பெயர். அந்தத் தட்டு யாருடைய கைக்கு முதலில் போகிறது என்பதில் மூன்று தலைமுறை கதையாமல் இருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இந்தச் சட்டத்தை நாலுபட்ச் அண்ணை ஒரு எழுத்தும் மாற்றாமல் பௌதிக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். திங்கள் முதலாம் பட்ச்சுக்கு, செவ்வாய் இரண்டாம் பட்ச்சுக்கு என்று வெள்ளி வரை ஐந்து நாளும் ஐந்து பட்ச்சின் உபயம். அன்றைய உபயகாரர் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். ஜெனரேட்டரின் கயிற்றைச் சுற்றித் தன் கையாலேயே இழுத்துத் தொடக்கிவைக்க வேண்டும்; அது கொடியேற்றம். வகுப்பு முடிய, பகுதித் தலைவர் கையால் காளாஞ்சி.

ஆள் பிடிக்கச் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போனபோது நானும் கூடப் போனேன். தம்பையர் வெங்காயத் தோட்டக்காரர். மகன் மூன்றாம் பட்ச். கனடாவுக்குப் போய்ப் பல வருடம். வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"தம்பி, படிச்சது பெடியன். நான் எட்டாம் வகுப்பு."

"ஐயா, கோயிலிலை திருவிழா ஆற்றை பேரிலை? குடும்பத்தின்ரை பேரிலை," என்றார் நாலுபட்ச் அண்ணை. "பெடியன் படிச்சால் குடும்பம் படிச்சதுதான். நீங்களும் மூண்டாம் பட்ச்."

தம்பையர் தலையைச் சொறிந்தார். பிறகு வேலிக்கு அப்பால் கண்ணைக் காட்டினார். "வேலாயுதத்தின்ரை பெட்டையும் உங்கைதானே படிச்சவள். அவைக்கு எந்த நாள்?"

"அவை ஆறாம் பட்ச். ஆறாம் பட்ச்சுக்கு நாளில்லை."

"ஒரு நாளுமில்லையோ?"

"ஒரு நாளுமில்லை."

"அப்ப நான் ரெண்டு போத்தல் கொண்டுவாறன்," என்றார் தம்பையர்.

புதன்கிழமைதோறும் தம்பையர் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னக் குப்பியால் இரண்டு துளி பெற்றோல் காட்டினால்தான் அந்த எஞ்சின் கண் விழிக்கும். அந்தப் பக்குவத்தை இரண்டாம் கிழமையே கற்றுக்கொண்டார். தொடக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகமாட்டார். முதல் நாளே நாலுபட்ச் அண்ணையிடம் மெல்லக் கேட்டார்: "என்ரை பெடியன் இருந்த இடம் எது?"

நாலுபட்ச் அண்ணை யன்னலோரத்து ஸ்டூல் ஒன்றைக் காட்டினார். தம்பையர் சால்வையால் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூல்கள் எண்பத்தெட்டில் புதிதாக வந்தவை. பொருள் வந்த ஆண்டுகளில் எனக்குப் பிழை வராது. வெளியில் வந்து இதைச் சொன்னேன்.

"உமக்கு ஆண்டுகள் தெரியும்," என்றார் நாலுபட்ச் அண்ணை. "வாயை மூடிக்கொண்டிரும்."

போட்டி மெதுவாகத்தான் தொடங்கியது. திங்கட்கிழமைக்காரர் போத்தலுக்குச் சந்தனப்பொட்டு வைத்துக் கொண்டுவந்தார். செவ்வாய்க்காரர் பிள்ளைகளுக்கு அவித்த கடலை கொடுத்தார். இதைக் கேள்விப்பட்ட தம்பையர் அடுத்த புதன் மேளக்காரரோடு வந்தார். அன்றைக்குக் குழாயில் காற்றுப் பரிவு பார்த்து ஒலியின் வேகம் காணும் செய்முறை. இசைக்கவை பேசவேண்டிய இடத்தில் யன்னலுக்கு வெளியே நாதஸ்வரம் பேசியது. குழாய்கள் எல்லாம் தவிலுக்குத் தலையாட்டின. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் கண்ட வேகத்தில் ஒலி போனால், கூப்பிட்ட ஆள் வீடு போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் கூப்பிட்ட சத்தம் காதில் விழும்.

வியாழன் உபயகாரர் பரமலிங்கம் மாஸ்ரர். நாலாம் பட்ச். மானிப்பாயில் கணித ஆசிரியர். தானும் பிழை விடமாட்டார். மற்றவர்கள் விட்ட பிழையையும் விடமாட்டார்.

"ஆய்வுகூடத்துக்கு மேளம் எந்தப் பாடத்திட்டத்திலை இருக்கு?" என்று பீடாதிபதியிடம் முறைப்பாடு செய்தார். மறுநாள் வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்டினார்.

பீடாதிபதி நாலுபட்ச் அண்ணையைக் கூப்பிட்டு, "இது ஆய்வுகூடமோ, கோயிலோ?" என்றார்.

"எண்ணெய் வருகுதெல்லோ சேர்," என்றார் அவர்.

எண்ணெய் வந்தது. அதுதான் உண்மை. மற்றப் பீடங்கள் இருட்டுக்குள் கிடக்க, எங்கள் யன்னல்களில் வெளிச்சம் தெரிந்தது. கடலை வேறு.

பிறகு இறுதியாண்டுச் செய்முறைச் சோதினை வந்தது.

அது தொண்ணூற்றிரண்டு, கந்தசஷ்டி முடிந்த மறு கிழமை. இதை நிச்சயமாகச் சொல்கிறேன். ஏனென்றால் தம்பையர் விரதம் இருந்து மெலிந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் அவதிப்பட்டது கண்ணுக்குள் நிற்கிறது. சோதினைக்கு வந்த பிள்ளைகள் நாலு வருடப் படிப்புக்கு வந்து ஏழாவது வருடத்தில் நின்றவர்கள். அவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் பிள்ளைகள் பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிப் பரீட்சகராகக் கொழும்பிலிருந்து எங்கள் பழைய பேராசிரியர் வர ஒப்புக்கொண்டிருந்தார். செவ்வாய் வந்து, புதன் சோதினை நடத்தி, வெள்ளி திரும்ப வேண்டும். வெள்ளியோடு, தரைவழி அடைபட்ட எங்கள் ஊருக்கு வந்து போக அவருக்குக் கிடைத்த அனுமதி முடிகிறது. அவரைத் தவறவிட்டால் அடுத்த பரீட்சகர் எந்த வருடம் வள்ளமேறிக் கடலேரி கடந்து வருவார் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

புதன் காலை தம்பையர் பட்டு வேட்டி, புது அரைஞாண், நாலு போத்தல் மண்ணெண்ணெய், மேளம் சகிதம் வந்து நின்றார். வழக்கமான புதன் அல்ல, சோதினைப் புதன். தேர்த்திருவிழாவே தன் நாளில் விழுந்ததுபோல அவருக்கு. பேராசிரியரைக் காணவில்லை. கடலேரியில் காற்று, வள்ளம் விடவில்லை. பின்னேரம் முழங்கால் வரை சேற்றோடு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சோதினை வியாழன் காலைக்கு மாறியது.

வியாழன், பரமலிங்கம் மாஸ்ரரின் நாள்.

"தேர் மழையாலை பிந்தினால், தேர்த் திருவிழாக்காரன்தான் பிந்தின நாளும் இழுப்பான்," என்றார் தம்பையர். "சோதினை என்ரை." தன் சைக்கிள் சங்கிலியில் கிடந்த ஆமைப்பூட்டைக் கழற்றி ஜெனரேட்டர்க் கொட்டிலில் கொழுவினார். பூட்டித் திறப்புச் சாவியை மடியில் செருகினார், வேட்டி நழுவியது, எடுத்துக் கழுத்து உருத்திராட்சத்தோடு கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்த மாஸ்ரர் பூட்டைப் பார்த்தார். சந்திக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து அதற்கு மேலே தன் பூட்டைக் கொழுவினார்.

சற்று நேரத்தில் முற்றத்தில் எல்லோரும் நின்றோம். தம்பையர் ஒரு பக்கம், மாஸ்ரர் ஒரு பக்கம். விறாந்தையில் கதிரை போட்டுப் பேராசிரியர். வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் வரிசையாகச் சுவரோரம். தெருவில் மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சுருதி பார்த்தார்கள்.

"நாள் என்ரை," என்றார் மாஸ்ரர். "கலண்டரைப் பாக்கச் சொல்லுங்கோ."

"கலண்டர் ஆருக்கு வேணும்? சோதினை என்ரை," என்றார் தம்பையர்.

"படிக்காத ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது."

"நான் மூண்டாம் பட்ச். உமக்குச் சீனியர்."

மாணவன் ஒருவன் என் காதோரம் வந்தான். "சேர், அலவாங்கு ஒண்டு இருக்கு. ஒரு தட்டு."

நாலுபட்ச் அண்ணைக்கு அது கேட்டுவிட்டது. "பூட்டை உடைச்சால் இண்டைக்குச் சோதினை நடக்கும் தம்பி," என்றார். "நாளையிலை இருந்து உமக்குப் பிறகாலை வாற பிள்ளையளுக்கு எண்ணெய் ஆர் கொண்டருவினம்?"

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள். பக்கத்தில் நின்றவள் அவளை அதட்டிவிட்டுத் தானும் அழுதாள். நாலுபட்ச் அண்ணை பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினார். துடைக்காமலே திரும்பி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"ஐயா, மாஸ்ரர், ஒரு விசயம் கேளுங்கோ. மூண்டாம் பட்ச்சோடை நான் உந்தச் சோதினைக்கு இருந்தனான். நாலாம் பட்ச்சோடையும் இருந்தனான்."

"தெரியும்," என்றார் மாஸ்ரர். "கிணறு இடிஞ்ச கதைதானே."

"கிணறு இடியேல்லை."

மேளக்காரர்கூடச் சுருதியை நிறுத்தினார்கள்.

"கிணறும் இடியேல்லை, காய்ச்சலும் வரேல்லை, மாடு கட்டின இடத்திலைதான் நிண்டது," என்றார் நாலுபட்ச் அண்ணை. "எனக்குக் கை நடுங்கும். எழுத்துச் சோதினையெல்லாம் முதல் தரமே பாஸ். செய்முறைக்கெண்டு உந்தக் கதவுக்குள்ளை காலை வைச்சால் கை நடுங்கும். மூண்டு தரம் பெயிலாகி உந்தக் கதவாலை வெளியிலை வந்தனான். உள்ளை போய்ப் பெயிலாகிறது வேறை. அதுக்கு மற்ற வருசம் வரலாம். உள்ளை போகவே விடாமல் பெயிலாக்கிறது வேறை. உந்தப் பிள்ளையளுக்கு அதை நான் விடமாட்டன்."

நனைந்த முகத்தைக் கையால் வழித்தார். அவர் தொடர்ந்தார்.

"மூண்டாம் பட்ச்சிலை எனக்கொரு பங்கிருக்கு. நாலாம் பட்ச்சிலையும் எனக்கொரு பங்கிருக்கு. ரெண்டு பங்கும் உள்ள ஆள் உலகத்திலை நான் ஒருத்தன்தான். இண்டையத் திருவிழா என்ரை. எண்ணெய் உங்கடை ரெண்டு பேற்றையும். கை என்ரை."

தம்பையர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டம் சரியாக இருந்தது. பங்குள்ள ஆளை மறிக்க எந்தக் கோயிலிலும் வழியில்லை.

"அப்ப நீர் எங்கடை ஆள்," என்றார்.

"பாஸ் பண்ணினது எங்களோடை," என்றார் மாஸ்ரர் உடனே.

"பெயிலானது எங்களோடை. பெயிலானவனுக்குத்தான் கூட உரித்து. கூடக் கஷ்டப்பட்டது அங்கைதானே?"

விறாந்தையிலிருந்து பேராசிரியர் முதன்முறையாக வாய் திறந்தார். "பெயில் போட்டதும் நான்தான், பாஸ் போட்டதும் நான்தான். ரெண்டும் செல்லும். பூட்டைத் திறவுங்கோ."

திறந்தார்கள். ஆனால் மேல் பூட்டு மாஸ்ரருடையது என்பதால் அவர் முதலில் திறக்க வேண்டியிருந்தது. அது தனக்குத் தோல்வியா வெற்றியா என்று தெரியாமல் அவர் பூட்டையும் கையுமாக நின்றார். அடுத்த சிக்கல், காளாஞ்சி யாருக்கு முதலில் என்பது. இரண்டு தட்டு, ஒரே நேரத்தில் என்று முடிவாயிற்று. பீடாதிபதி ஒருவருக்கு, பேராசிரியர் மற்றவருக்கு; நான் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்ல இருவரும் ஒன்றாக நீட்ட வேண்டும். எங்களிடம் ஒரு தட்டுத்தான் இருந்தது. மற்றதற்கு விலங்கியற் பகுதியில் தவளை வெட்டுகிற தட்டை மூன்று தரம் கழுவி எடுத்தோம். உபயகாரர் இருவரும் சுத்த சைவம். எந்தத் தட்டு எவருக்குப் போனது என்பதை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நான் எழுதப்போவதில்லை.

நாலுபட்ச் அண்ணை கொட்டிலுக்குள் போனார். பெற்றோல் இரண்டு துளி விட்டார். கயிற்றைச் சுற்றினார். கை நடுங்கியது, எல்லோருக்கும் தெரியும்படி நடுங்கியது. இழுத்தார். எஞ்சின் ஒரு செருமலோடு நின்றுவிட்டது. மறுபடி சுற்றி இழுத்தார். அதுவுமில்லை. மூன்றாம் முறை கயிறே கையை விட்டுப் பறந்து போய்ப் பீடாதிபதியின் காலடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். பேராசிரியர் என்னைக் கையால் மறித்துவிட்டுத் தானே குனிந்து கயிற்றை எடுத்தார். நாலுபட்ச் அண்ணையின் கையில் கொடுத்தார்.

"அவசரப்படாதையும்," என்றார். "உமக்கு நாலாவதுதான் சரிவரும்."

நாலாவது இழுவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேளம் முழங்கியது. பிள்ளைகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

சோதினை பொழுதுபடும்வரை நடந்தது. நிறமாலை பார்க்கிற மேசையில் சோடியம் விளக்கு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, அறை முழுவதும் பழுத்தது. யன்னலோரத்து ஸ்டூலை விறாந்தைக்கு எடுத்துப்போட்டு, கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த தம்பையர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"தம்பி, என்ரை பெடியனும் உந்த மஞ்சள் லைற்றைத்தானே பாத்திருப்பான்?"

"ஓம் ஐயா, உதைத்தான் பாத்தவர்," என்றேன். அந்த விளக்கு பீடம் தொடங்கிய நாளிலிருந்து இருந்தது. ஆண்டுகளோடு இணங்கிப் போகிற ஒரு பதிலை அவருக்குச் சொல்லக் கிடைத்ததில் எனக்கு மிகவும் திருப்தி.

அந்தப் பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள். உபயம் தொண்ணூற்றைந்துவரை ஒரு நாளும் தவறாமல் நடந்தது. கடைசி இரண்டு வருடமும் மாஸ்ரரின் போத்தலுக்கும் சந்தனப்பொட்டு இருந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, மழைக்குள் சன நெருக்கத்தில், எனக்கு முன்னால் நாலுபட்ச் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். காரியரில் ஒரு சின்னப் பொட்டலம். உடுப்போ என்று கேட்டேன். பிரித்துக் காட்டினார். ஜெனரேட்டரின் கயிறு.

"மெசினை ஆரும் தூக்கிக்கொண்டு போகட்டும்," என்றார். "கொடியேத்திறதெண்டால் என்னட்டைத்தான் வரவேணும்."

சில வருடங்களுக்கு முன்னர் அவர் காலமானார். அந்தக் காலையில் பத்திரிகையில் ஒரே ஆளுக்கு நாலு மரண அறிவித்தல்கள், நாலு படங்களோடு வந்திருந்தன. முதலாம் பட்ச், இரண்டாம் பட்ச், மூன்றாம் பட்ச், நாலாம் பட்ச் என்று ஒவ்வொன்றிலும் 'எமது பட்ச்சைச் சேர்ந்த' என்று போட்டிருந்தார்கள். ஒன்றில் தலை நிறைய மயிர், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, மற்றதில் இன்னும் குறைவு. எந்த அறிவித்தல் பக்கத்தின் மேலே வருவது என்பதில் பத்திரிகைக் கந்தோரில் முதல் நாள் பெரிய இழுபறி நடந்ததாகவும் கேள்வி.

நான் நாலையும் வெட்டி வைத்திருக்கிறேன். எட்டாம் பட்ச்காரனான எனக்கு அவர் மேல் இன்றைக்கும் ஒரே ஒரு குறைதான்: அந்த மனிதர் இன்னும் ஒரு நாலு தரம் பெயிலாகியிருக்கலாம்.